திண்ணை, வராந்தா, சிட்-அவுட்: வெளியே உட்கார்வதன் வரலாறு

1

சேலையூரில் என் அக்கா வீட்டு முன்பக்கத்தை இடித்துக் கட்டியபோது எழுந்த ஒரு சின்னத் தகராறுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இருபது வருஷத்து வீடு. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் பத்தடிக்குப் பதினாலடி இடம் சும்மா கிடந்தது. ஸ்கூட்டர் நிற்கும், துணி காயும், செருப்பு கிடக்கும். அதை "வெளிய உக்கார்ற மாதிரி நல்லா பண்ணிடலாம்" என்று மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், முடிவு செய்தார். உள்அலங்காரம் செய்யும் இளைஞர் ஒருவர் வந்து கையிலிருந்த திரையில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். பிரம்பு மாதிரி தோன்றும் பிளாஸ்டிக் சோபா, கூடை ஊஞ்சல், செயற்கைப் புல், கம்பியில் தொங்கும் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு படத்துக்குத் 'திண்ணை தீம்' என்று பெயர். சிவப்புத் தரை, இரண்டு மரத்தூண், ஓரத்தில் ஒரு பித்தளை உருளி. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

தகராறு கொத்தனார் வந்தபிறகு. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், செங்கல்பட்டுப் பக்கம். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "திண்ண ரோட்டப் பாத்தா, வீட்டப் பாத்தா?" மாமாவுக்குப் புரியவில்லை. "காம்பவுண்டு செவுத்துக்கு உள்ள கட்டினா அது திண்ண இல்ல சார், மேட. திண்ணன்னா தெருவுல போறவன் உக்காரணும்." சொல்லிவிட்டு ரசமட்டத்தைத் துடைத்து வைத்தபடி, யாருக்கோ சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார்: "எங்கப்பா எவ்வளவோ திண்ண கட்டினாரு. ஒண்ணுலயும் உக்காந்து பாத்ததில்ல."

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் படிக்க முடியுமா என்பதே என் கேள்வி. திண்ணை தெருவில் போகிறவனுக்கு உரியது என்கிறது முதல் பேச்சு. அப்படியில்லை என்கிறது இரண்டாவது. இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள். அவர் தனக்குத்தானே முரண்பட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

2

திண்ணை பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சு பெரும்பாலும் ஏக்கப் பேச்சு. வழிப்போக்கன் இரவு படுத்து விடியலில் எழுந்து போனான்; ஊர் நியாயம் அங்கே பேசப்பட்டது; இப்போது மனிதன் சுருங்கிப்போனான் என்கிற மாதிரி. இதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது. வைணவ மரபு சொல்லும் முதலாழ்வார் மூவர் கதையை எடுத்துக்கொள்ளலாம். திருக்கோவலூரில் ஒரு மழை இரவு, ஒரு வீட்டு இடைகழி. ஒருவர் படுக்க இடமிருக்கிறது. இரண்டாமவர் வந்ததும் இருவரும் உட்கார்கிறார்கள். மூன்றாமவர் வந்ததும் மூவரும் எழுந்து நிற்கிறார்கள். பக்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது வீட்டு வாசல் பற்றிய கதை. இடத்தை அடிக்கணக்கில் அளக்காமல் உடம்புக் கணக்கில் அளக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால் முன்பே இருப்பவர் தன் வசதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த அளவின் விதி.

உடம்புக் கணக்கு திண்ணையின் வேலைப்பாட்டிலேயே இருக்கிறது. முழத்துக்குச் சற்று மேற்பட்ட உயரம். காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். ஆள் நீட்டிப் படுக்கும் நீளம். தலைமாட்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சரிவாக எழுப்பிய சாய்மானம், அதுவே தலையணை. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து இழைத்த பூச்சு கோடையில் முதுகுக்குச் சில்லென்றிருக்கும். தாழ இறங்கும் ஓட்டுச் சரிவு வெயிலையும் சாரலையும் தடுக்கும். வாசலுக்கு ஒரு பக்கம் அகலத் திண்ணை, மறுபக்கம் குறுகலான ஒட்டுத் திண்ணை. சுவர் மாடத்தில் விளக்கு. வெயில், காற்று, உடம்பு மூன்றையும் கணக்குப் பண்ணிய இந்த அறிவு, சுண்ணாம்பு அரைத்தவர்கள், சித்தாள்கள், கொத்தனார்களின் கையில் இருந்த அறிவு.

மொழியும் சாட்சி சொல்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரியவந்தது. அவற்றில் பலவும் திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தவை. 'திண்ணைப் பள்ளிக்கூடம்' என்ற சொல் அப்படி நிலைத்தது. திண்ணையே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓட்டுக் கேட்கப் போகும் கட்சிக்காரர்கள் இன்றும் 'திண்ணைப் பிரச்சாரம்' என்றுதான் சொல்கிறார்கள். கூடவே நம் பழமொழி ஒன்றும் இருக்கிறது: எப்போது சாவான், எப்போது திண்ணை காலியாகும். ஒருவர் இருக்கும்வரை இன்னொருவருக்கு இடமில்லை என்பது இதன் கணக்கு. ஆழ்வார் கதைக்கு நேர் எதிர்க் கணக்கு. இரண்டும் ஒரே சமூகத்தில்தான் புழங்கின.

ஹேபர்மாஸ் 1962-இல் எழுதிய நூலில் ஐரோப்பியக் காப்பிக்கடைகளைப் பொதுவெளியின் பிறப்பிடமாகக் காட்டினார். அந்தச் சொல் தமிழுக்கு வந்ததும் திண்ணையை நம் காப்பிக்கடையாக்கிப் பேசும் ஆசை நம்மில் பலருக்கு வந்தது. நானும் கல்லூரிக் காலத்தில் அப்படி ஒரு கட்டுரை வாசித்திருக்கிறேன். அதை எழுதியபோது என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஒன்று படவில்லை.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். தாத்தா வீட்டில் பெரிய திண்ணை. அறுப்புக் கூலி வாங்க வருகிறவர்கள் தெருவில் நிற்பார்கள், துண்டு இடுப்பில் இருக்கும். எனக்கு எட்டு வயசிருக்கும்போது ஒரு மத்தியானம் நல்ல மழை. கூலிக்கு வந்த ஒருவர் ஓட்டுச் சரிவின் சொட்டு விழும் விளிம்பில் ஒண்டிக்கொண்டு நின்றார். திண்ணை காலியாக இருந்தது. தாத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மேல வாங்க" என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்கும் ஏறத் தோன்றவில்லை, அல்லது தோன்றியதைக் காட்டவில்லை. மூன்று ஆழ்வார் கதையை எனக்குச் சொன்னது அதே தாத்தாதான்.

ஆகத் திண்ணை திறந்த இடமும் அல்ல, மூடிய இடமும் அல்ல. படிப்படியாகத் தரம் பிரித்த இடம். தெரு, வாசற்படி, ஒட்டுத் திண்ணை, பெரிய திண்ணை, இடைகழி, முற்றம் என்று போகும் வரிசையில் ஒவ்வொரு சாதியும் எங்கே நிற்கவேண்டும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்களுக்கு நேரக் கணக்கு. ஆண்கள் வயலுக்கோ வேலைக்கோ போனபிறகு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை எங்கள் வீட்டுப் பெண்கள் திண்ணையில் பல்லாங்குழி ஆடுவார்கள், பேன் பார்ப்பார்கள். தெருமுனையில் ஆண் தலை தெரிந்தால் எழுந்துவிடுவார்கள்.

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெரு, கிணறு, குளம் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்தவை என்றது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடை, உணவு விடுதி, கோயில் என்று பட்டியலை நீட்டியது. தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடி உயிர்விட்டவர்கள் இந்த மண்ணில் உண்டு. ஆனால் திண்ணை 'சொந்த வீடு'. தெருவை ஒட்டியே இருந்தும் தெருவின் சட்டம் அதன்மேல் ஏறவில்லை. கொத்தனாரின் அப்பா தான் கட்டிய திண்ணையில் உட்காராமல் போனது அந்த முழ உயரத்தினால்தான்.

3

வெள்ளைக்காரர்கள் திண்ணைக்கு 'பியல்' என்று பெயர் வைத்தார்கள். போர்ச்சுக்கீசியச் சொல். வராந்தா என்ற சொல்லும் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவில் புழங்கி ஆங்கிலத்துக்குப் போனது. ஒரே கடல்வழியில் வந்த இரண்டு சொற்கள், ஆனால் ஒன்றுக்கு வாழ்வு, ஒன்றுக்குச் சாவு. 'பியல்' பழைய அறிக்கைகளோடு செத்தது. வராந்தா நம் வீடுகளுக்குள் குடியேறியது.

சென்னையின் தெற்கில் அது வந்த வழியைச் சுலபமாகக் காட்டலாம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவக் குடியிருப்பு, பிறகு ரயில்வே. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை. அந்த வண்டிகள் 2004 வரை ஓடின. ரயில்வே அதிகாரிகளின் வீடுகள் மரச்சட்டப் பின்னல் தடுப்பும் சுற்று வராந்தாவும் கொண்டவை. தோட்டத்தின் நடுவில் வீடு, வீட்டைச் சுற்றி நிழல், நிழலில் நாற்காலி.

திண்ணையிலிருந்து வராந்தாவைப் பிரிப்பது இந்த நாற்காலிதான். திண்ணையில் ஏற முடிந்தவர்கள் எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தார்கள். வராந்தாவில் துரை நீளக் கைவைத்த சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருப்பார். அதே வராந்தாவின் தரையில் தையற்காரர் சம்மணமிட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். இன்னொரு மூலையில் பங்கா இழுப்பவர். சுவரின் ஓட்டை வழியாகக் கயிறு உள்ளே போகும், உள்ளே துரைசானி தூங்குவார், வெளியே இவர் தூங்காமல் இழுக்க வேண்டும். வராந்தா இவர்களை வெளியேற்றவில்லை என்பது முக்கியம். அவர்கள் இல்லாமல் அந்த சுகம் நடக்காது. ஒரே நிழலில் ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு வேலை.

நம் மிராசுதார்களும் வக்கீல்களும் அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் போட்டார்கள். உட்கார்ந்தவர்களுக்கிடையே இருந்த கொஞ்ச சமத்துவமும் அதோடு போயிற்று. சாய்வு நாற்காலி ஒரு சொத்தாக, அதிகாரமாக, பிறகு அந்த அதிகாரம் அழுகும் காட்சியாக மாறியதைத் தோப்பில் முஹம்மது மீரான் ஒரு நாவல் முழுக்க எழுதினார். 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாற்காலியை வீட்டு அலங்காரமாக மட்டும் பார்க்க அந்த நாவலைப் படித்தவர்களால் முடியாது.

4

இனி தாம்பரத்துக்கே உரிய கதை. படங்களில் காட்டப்படும் சாயும் நாற்காலிக்கு இன்னொரு பூர்வீகமும் உண்டு. அது காசநோய் மருத்துவமனை.

ஜெர்மனியில் ஃபால்கென்ஸ்டைன் என்ற ஊரில் டெட்வைலர் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய சானடோரியத்தில், நோயாளிகளைத் திறந்த வராந்தாவில் சாய்வுக் கட்டில்களில் மணிக்கணக்கில் படுக்கவைப்பதே சிகிச்சை. மருந்து இல்லாத காலம். காற்று, ஓய்வு, சாப்பாடு மூன்றைத்தான் மருத்துவம் தர முடிந்தது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையில் வரிசை வரிசையாகப் பால்கனிகள் எழுந்தன. தாமஸ் மன் 1924-இல் வெளியிட்ட 'மாய மலை' நாவலின் மனிதர்கள் இந்தச் சாய்வு நாற்காலிகளில் கம்பளி சுற்றிக் கிடந்தபடிதான் உலகத்தை விவாதிக்கிறார்கள். ஃபின்லாந்தில் ஆல்வார் ஆல்ட்டோ 1933-இல் கட்டி முடித்த பைமியோ சானடோரியத்துக்காக வளைத்த மர நாற்காலி இன்று அருங்காட்சியகப் பொருள். நோயாளி மூச்சு விடச் சிரமப்படாதபடி அதன் சாய்வைக் கணக்கிட்டார்கள். நவீனக் கட்டடக்கலையின் தட்டைக் கூரை, வெள்ளைச் சுவர், திறந்த மாடி எல்லாவற்றிலும் காசநோய் பற்றிய பயம் கலந்திருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் இப்போது விரிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த மருத்துவத்தைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தின் மென்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். முதல் உலகப் போரின்போது அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக் கணக்குப் போட்ட மனிதர், இன்னொரு நாட்டுக் குளிரில் 'திறந்த காற்று' சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். ஒரே உடம்பு இரண்டு விதமான வெளிகளில் கிடந்திருக்கிறது: ஒன்று சாதி தந்த இடம், மற்றது நோய் தந்த இடம்.

சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதே 1937-இல்தான் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. இரண்டும் ஒரே நம்பிக்கையின் குழந்தைகள்: நகரம் அழுக்கு, தாம்பரம் காற்று. புறநகர் என்ற எண்ணமே அப்படித்தான் பிறந்தது. பின்னால் வந்த மனை விளம்பரங்கள் 'காற்றோட்டமான சூழல்' என்று விற்றது இந்த நம்பிக்கையைத்தான்.

அந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வும் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவர்கள் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீடு என்றால் நகரத்து ஏழைகளின் நெருக்கமான வீடு. போதிய சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, வராந்தா இல்லை. 1959-இல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள். வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதை நான் ஏழைகளின் வெற்றியாகவே படிக்கிறேன். குணமாவதற்குக் காற்றோட்டமான பங்களா வேண்டியதில்லை, மருந்து வேண்டும் என்று நிரூபணமானது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. திறந்த வராந்தாவுக்கு இருந்த காரணம் கழன்றுகொண்டது, தோற்றம் மட்டும் தங்கியது. சாயும் நாற்காலி நோயிலிருந்து விடுதலையாகி ஸ்டைலாக மாறியது. தாம்பரம் சானடோரியத்தின் வராந்தாக்களோ ஓயவில்லை. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையாக அது நாடறிந்தது. வீடுகள் வைத்துக்கொள்ள மறுத்த பலரை அது வைத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்குச் 'சானடோரியம்' என்றே பெயர். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம்.

5

இப்போது அக்கா வீட்டு மனைக்கு வரலாம். நாற்பதுக்கு அறுபது மனை, நடுவில் வீடு, நான்கு பக்கமும் காலி இடம், சுற்றிச் சுவர். இந்த வடிவம் இயற்கையானதல்ல. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, மாம்பலத்தில் தியாகராய நகரை உருவாக்கிய காலம் தொட்டு, நமக்குப் பழக்கப்படுத்தப்பட்ட வடிவம். வெளிச்சம், காற்று, தீ பரவாமை, சாக்கடை வசதி என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் பழைய தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. திண்ணைகள் ஒரே வரிசையாக ஓடின. பிள்ளைகள் ஒரு திண்ணையிலிருந்து அடுத்த திண்ணைக்குத் தாவிக்கொண்டே தெருக்கோடி வரை போவோம். புதிய மனைப்பிரிவில் வீடு தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்பது விதி. பின்வாங்கிய இடத்தைக் காக்கச் சுவர், சுவருக்குக் கேட், கேட்டுக்கு 'நாய் ஜாக்கிரதை' பலகை. திண்ணை இருந்த இடத்தில் 'செட்பேக்' வந்தது. சட்டம் கேட்டது காலி இடத்தை. சுவரை நாமாக வைத்துக்கொண்டோம்.

சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகளைச் சுற்றி மனைகள் விற்ற காலத்தில், அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளில் முன்னால் ஒரு சின்ன வராந்தா இருந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. சில வருஷத்தில் அதற்குக் கிரில் போட்டார்கள். காரணம் திருடன் என்பார்கள். கொசு ஒரு காரணம், மாலை நேரத்தை எடுத்துக்கொண்ட தொலைக்காட்சி இன்னொரு காரணம். கிரில் போட்ட வராந்தா பிறகு ஓர் அறையாயிற்று, மெத்தை தேய்ந்த சோபாவும் இஸ்திரி மேசையும் அங்கே போயின. அடுத்து அடுக்குமாடி வந்தது, தரைத்தளம் கார்களுக்கு. இன்றைய தேதியில் ஒரு மனிதன் நிழலில் உட்கார்வதற்கு ஒதுக்கும் இடத்தைவிடக் கார் நிற்க ஒதுக்கும் இடம் அதிகம். 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்தில் எந்தத் தெருவிலும் நடந்து பார்த்து இதைச் சரிபார்க்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தேன். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. எங்கள் தெருவில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மொட்டைமாடியில் ஏறினோம். பின்தெருக் குடிசைகளிலிருந்தும் வந்தார்கள். குழந்தைகள் படுத்தார்கள், பெண்கள் உட்கார்ந்தார்கள், நாங்கள் மாறிமாறி நின்றோம். யாரும் யாரையும் சாதி கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. தண்ணீர் வடிந்த நான்காம் நாள் மாடிக் கதவில் பூட்டு திரும்பவும் தொங்கியது. அதன்பிறகு புதிதாகக் கட்டியவர்கள் தரையை உயர்த்திக் கட்டினார்கள், வாசற்படிகள் கூடின. வெள்ளத்திலிருந்து நாம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

6

திண்ணை போனது ஜனநாயகம் போனதாகுமா என்றால், என் பதில் இல்லை என்பதே. ஒடுக்கப்பட்டவரைச் சொட்டில் நிறுத்திய ஒன்றை மீட்டெடுக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் சுவர் அதைவிட மேலா? சுவருக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று ஒரு வாதம் உண்டு. எல்லோரையும் வெளியே நிறுத்துவதால். அந்தச் சமத்துவத்தில் தோற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். சானடோரியம் நிலையத்தை ஒட்டி 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸில் வேலை முடித்துவரும் பெண்கள் நடைமேம்பாலப் படியில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்க்கிறோம். உணவு கொண்டுவரும் பையன்கள் வண்டிமேலேயே உட்கார்ந்து அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். குப்பை வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர்கள் காலை டீயை நின்றபடி குடிக்கிறார்கள். வீடுகளின் கட்டுமானத்தில் இவர்களுக்கு ஒரு முழம் அகலக் கல்கூட இல்லை.

உட்கார்வது ஓர் உரிமை என்று நம் சட்டம் ஒத்துக்கொண்டதே அண்மையில்தான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018-இல் பெற்றது இங்கே மூன்று வருஷம் கழித்து வந்தது. 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் உணவு கொண்டுசெல்வோருக்குக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. சட்டமும் மாநகராட்சியும் செய்யவேண்டியவை அவை. வீடு கட்டுகிறவன் செய்யவேண்டியது என்ன? 'வெளியே உட்கார்ற இடம்' என்று சொல்லும்போதே, யார் உட்கார என்ற கேள்வியையும் வரைபடத்தில் சேர்ப்பதுதான். யாரிடமும் கேட்காமல் உட்கார முடிகிற, உட்கார்ந்தவரை யாரும் எழுப்பாத இடமே வசதியான இடம். மிச்சமெல்லாம் மெத்தை விஷயம்.

அக்கா வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். தகராறில் ஜெயித்தது அக்காதான். முன்சுவரை ஒன்றரை அடி உள்ளே தள்ளி, வெளிப்பக்கம் தெருவைப் பார்த்து ஒரு திண்ணை, மேலே கடப்பாக்கல், அதற்குமேல் சின்னதாக ஒரு ஓட்டுச் சரிவு. "ஒன்றரை அடின்னா இன்னிக்கு என்ன வெல தெரியுமா உனக்கு?" என்று மாமா என்னைத்தான் கேட்டார். உள்ளே கூடை ஊஞ்சலும் வந்தது, விளக்கும் வந்தது. வேலை முடிந்த அன்று கொத்தனாரைத் திண்ணையில் உட்காரச் சொன்னோம். "சிமெண்டு காயட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் கரணையைக் கழுவப் போனார்.

காய்ந்தபிறகு கீரைக்காரம்மா உட்கார்ந்தார். தூய்மைப் பணியாளர்கள் டீ குடித்தார்கள். இரவில் பையன்கள் இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு மாதத்தில் தெருக்காரர்கள் சிலர் மாமாவிடம் வந்து, கண்டவர்களும் உட்கார்கிறார்கள், பொம்பளப் பிள்ளைகள் போகிற தெரு என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தை மாதம் நான் போனபோது திண்ணைமேல் நான்கு பூந்தொட்டிகள் இருந்தன. "அழகாத்தான இருக்கு" என்றாள் அக்கா. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் உள்ளே போய் ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்: மூன்றாவது தொட்டிக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. தெரிந்து விட்டதா, தொட்டி போதாமல் விட்டதா என்று நான் கேட்கவில்லை. எட்டு வயசில் மழையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அதே ஆள்தான் நான். அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு தொட்டியையாவது இறக்கி வைக்க வேண்டும்.